அம்மாவின் முழங்கால் வலிக்கு முதல்முறையாக அக்குபஞ்சர்: உள்ளே என்ன நடக்கும், எதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்

ஊசி வலிக்குமா, எத்தனை சிட்டிங் போக வேண்டும், சுகர் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்களாமே என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு 61 வயது, இரண்டு வருடமாக இரண்டு முழங்காலிலும் வலி, எக்ஸ்ரே பார்த்துத் தேய்மானம் என்று சொல்லிவிட்டார்கள், 10 வருடமாகச் சர்க்கரை. பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு அடுத்த வாரம் முதல்முறையாக அக்குபஞ்சருக்கு அழைத்துப் போகிறீர்கள். ஊசியைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உண்மையான பயம் அந்த மூன்றாவது கேள்வியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நிறுத்த வேண்டாம். முழங்காலில் போடும் ஊசிக்கும் காலையில் போடும் மெட்ஃபார்மின் போன்ற சர்க்கரை மாத்திரைக்கும் எந்தச் சண்டையும் இல்லை, அது அது பாட்டுக்கு நடக்கும். சர்க்கரை மாத்திரை, பிபி மாத்திரை, தைராய்டு மாத்திரை எதையும் எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்காமல் விடக் கூடாது. நீங்கள் கேள்விப்பட்டது வதந்தியும் இல்லை. மருந்தே விஷம், எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு வந்தால்தான் உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்று சொல்லும் ஒரு கூட்டம் நம் ஊரில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் தோள்பட்டை வலி என்று ஒரு ஆட்டோ ஓட்டுநர் என்னிடம் வந்தார். பேச உட்கார்ந்த பத்து நிமிடத்தில் இரண்டு முறை தண்ணீர் கேட்டார். விசாரித்தால், வேறொரு இடத்தில் சொன்னார்கள் என்று மூன்று வாரமாக இன்சுலின் போடவில்லை. தாகமும் அடிக்கடி சிறுநீர் போவதும் ‘கழிவு வெளியேறுது’ என்று அவருக்கு விளக்கம் வேறு கொடுத்திருக்கிறார்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன், மீட்டரில் எண் வரவில்லை, ‘ஹை’ என்று மட்டும் காட்டியது. அன்று நான் ஊசி டப்பாவைத் திறக்கவே இல்லை, நேராக அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். பிழைத்துக்கொண்டார். அதனால் நீங்கள் போகும் இடத்தில் முதல் ஐந்து நிமிடத்திலேயே மாத்திரைச் சீட்டை எடுத்து நீட்டுங்கள். பார்த்துக் குறித்துக்கொண்டால் சரி. நிறுத்து என்றால் எழுந்து வந்துவிடுங்கள், அதற்கு மேல் அங்கே பேச ஒன்றும் இல்லை.

இதில் குறைய வாய்ப்புள்ள மாத்திரை ஒன்று உண்டு, வலி மாத்திரை. ஊசியால் வலி இறங்கினால் அது தானாகவே குறையும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதுவே ஒரு லாபம், ஏனென்றால் வருடக்கணக்கில் வலி மாத்திரை போட்டால் சிறுநீரகம்தான் அடி வாங்கும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இயற்கை மருத்துவமும் யோகாவும் சேர்ந்த பி.என்.ஒய்.எஸ். படித்தவன். ஐந்தரை வருடப் படிப்பு, அதில் அக்குபஞ்சரும் ஒரு பாடம். பதினான்கு வருடமாக ஊசி போட்டுவருகிறேன். இந்தத் தொழிலில் சோறு சாப்பிடுபவன் என்பதால் என் பேச்சில் கொஞ்சம் சாய்வு இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். அம்மாவின் முழங்காலை நான் தொட்டுப் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் போவது என்பது ஊசியைவிடப் பெரிய விஷயம். 2003-ல் மத்திய அரசு போட்ட உத்தரவு அக்குபஞ்சரை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றுக்கொண்டு, பதிவுபெற்ற மருத்துவர்களோ உரிய பயிற்சி பெற்றவர்களோ செய்யலாம் என்றது. ‘உரிய பயிற்சி’ என்ற வாசலில் ஐந்தரை வருடப் படிப்பும் நுழையும், ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் வாங்கிய சான்றிதழும் நுழையும். பலகையில் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. என்ன படித்தீர்கள், எங்கே, எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். ஒழுங்கான ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார். அரசு மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கும் இடங்களில் அக்குபஞ்சர் போடுகிறார்களா என்றும் விசாரித்துப் பாருங்கள், காசு செலவில்லாமல் முடியலாம்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் அக்குபஞ்சர் என்று கூட்டிப் போனால் ஊசியே இல்லாமல் இருக்கலாம். ஹீலர் நாடி பார்த்து, ஒரே ஒரு புள்ளியில் விரலை வைத்துத் தொட்டுவிட்டு ‘போய் வாங்க’ என்பார். தொடு சிகிச்சை என்கிறார்கள். அதைச் செய்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை, நல்ல மனிதர்களை அங்கே பார்த்திருக்கிறேன். ஆனால் கீழே நான் சொல்லப்போகும் ஆய்வுகள் எல்லாம் ஊசி போட்டுச் செய்தவை. அந்தப் பலனைத் தொடுதலின் கணக்கில் எழுத முடியாது. வர்மமும் இதுவும் ஒன்றா என்று பலர் கேட்பார்கள். இல்லை, அது தனி மரபு. அக்குபஞ்சர் சீனாவிலிருந்து வந்தது. 1938-ல் கோட்னிஸோடு சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவில் இருந்த பி.கே.பாசு, 1950-களின் கடைசியில் மறுபடி போய்க் கற்றுக்கொண்டு வந்து கல்கத்தாவில் தொடங்கினார். நாட்டில் இது பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, முதல் நாளுக்கு வருவோம். வெறும் வயிற்றில் போகாதீர்கள். இரண்டு இட்லியாவது சாப்பிட்டு, சுகர் மாத்திரையை வழக்கம்போல் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் போவது நல்லது. புடவை பிரச்சினை இல்லை. சுடிதார் என்றால் தொளதொள பேன்ட்டாக இருக்கட்டும், இறுக்கமான லெக்கிங்ஸ் முழங்காலுக்கு மேல் ஏறாது. அன்று காலை நாக்கை வழிக்க வேண்டாம், போகும்முன் காபியும் வெற்றிலையும் வேண்டாம். சீன முறையில் படித்தவர்கள் நாக்கின் நிறத்தையும் மேல்படிவையும் பார்ப்பார்கள். வழித்துவிட்டுப் போனால் பார்க்க ஒன்றும் இருக்காது.

முதல் சிட்டிங் ஒரு மணி நேரம் போகலாம், அதில் பாதி பேச்சுதான். வலி எப்போது வருகிறது, மாடி ஏறும்போதா இறங்கும்போதா, தூக்கம், மலம், பசி, வியர்வை என்று முழங்காலுக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் கேட்பார்கள். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார்கள். நம் வாத பித்த கப நாடிபோல் தோன்றும், கணக்கு வேறு. மரம், நெருப்பு, நிலம், உலோகம், நீர் என்று ஐந்து மூலகம் சொல்வார்கள். சிலர் அதை நம் பஞ்சபூதத்தோடு பொருத்திச் சொல்வார்கள், கேட்க நன்றாக இருக்கும். இந்தப் பேச்சில் எது உறுதி என்று கேட்டால் என் பதில் இதுதான்: உடம்பில் சக்தி ஓடுவதாகச் சொல்லும் பாதைகளை நான் பாடமாகப் படித்தேன், இன்றும் ஊசி போடும் புள்ளியைத் தேட அந்த வரைபடத்தைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் உடலை அறுத்துப் பார்த்த யாரும் அந்தப் பாதையைக் கண்டதில்லை. ஊசி நரம்பைத் தூண்டுகிறது, உடலே சுரக்கும் வலிநிவாரணிகளான எண்டார்ஃபின்கள் அதனால் வெளிப்படுகின்றன என்பதற்கு ஆதாரம் உண்டு. நாடியில் மூன்று விரல் வைத்துச் ‘சிறுநீரகம் பலவீனம்’ என்றால் பதறிப்போய் அம்மாவுக்கு எதுவும் சொல்லிவிடாதீர்கள். அது அவர்கள் பாஷையில் ஒரு சொல். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதை ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முழங்காலையும் கையால் பார்க்க வேண்டும். மடக்கி நீட்டி, சூடு இருக்கிறதா, நீர் கோத்திருக்கிறதா என்று அழுத்திப் பார்க்காமல் ஊசி எடுப்பவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. முழங்கால் திடீரென்று சிவந்து சூடாகி வீங்கி, கூடவே காய்ச்சலும் இருந்தால் அது மூட்டுக்குள் கிருமி புகுந்ததாக இருக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். இரண்டுக்கும் அன்றே ஆஸ்பத்திரி, அக்குபஞ்சர் அப்புறம்.

இப்போது ஊசி. அம்மா ரத்தம் எடுக்கும் ஊசியை மனதில் வைத்துப் பயப்படுகிறார் என்று நினைக்கிறேன். அந்த ஊசி 0.6 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன், உள்ளே குழாய். எங்கள் ஊசி கால் மில்லிமீட்டர், குழாய் இல்லாத கம்பி, விரலால் வளைத்தால் வளையும். இன்சுலின் பேனா ஊசி ஏறக்குறைய இதே தடிமன்தான், அதைப் பார்த்திருந்தால் அம்மாவுக்குப் புரிந்துவிடும். சின்ன பிளாஸ்டிக் குழாயைத் தோலில் நிறுத்தி, அதற்குள் ஊசியைப் போட்டு, மேல்முனையில் ‘டக்’கென்று ஒரு தட்டு தட்டுவோம். எறும்பு கடித்ததுபோல் ஒரு நொடி, சில இடத்தில் அதுவும் தெரியாது. பிறகு குழாயை எடுத்துவிட்டு ஊசியை மெதுவாக உள்ளே விட்டு லேசாகத் திருகுவோம். அப்போதுதான் புதிதாக வருபவர்கள் திடுக்கிடுவார்கள். கூர்மையான வலியாக இருக்காது, கனமாக, மந்தமாக, உள்ளே யாரோ கட்டை விரலால் அமுக்குவதுபோல் இருக்கும். சிலருக்கு அது பாதம்வரை இறங்கும். சீனத்தில் இதற்கு ‘தே சி’ என்று பெயர், வந்தால் நல்லது என்பார்கள். என் நோயாளிகள் ‘கடுக்குது’ என்பார்கள், அதைவிடச் சரியான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் சுரீர் என்று மின்சாரம் அடித்ததுபோல் இருந்தாலோ, எரிந்துகொண்டே இருந்தாலோ, உடனே சொல்ல வேண்டும். ஊசியைக் கொஞ்சம் மேலே இழுத்தால் போதும், சரியாகிவிடும். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதால் எந்தக் கூடுதல் பலனும் கிடையாது.

முழங்கால் வலி என்றால் பொதுவாக எட்டிலிருந்து பன்னிரண்டு ஊசிவரை போடுவார்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே இரண்டு பக்கமும் இரண்டு குழி இருக்கிறதே, அவற்றுக்கு ‘முழங்காலின் கண்கள்’ என்று பெயர். அங்கே கட்டாயம் போடுவார்கள். வெளிப்பக்கக் கண்ணிலிருந்து நான்கு விரல் கீழே இன்னொன்று, ‘மூன்று காதம்’ என்று சொல்லலாம், அதைத் தூண்டினால் களைத்தவன் இன்னும் மூன்று காதம் நடப்பான் என்று சீனத்தில் ஒரு சொல்வழக்கு. நான்கு விரல் என்றால் என் விரல் இல்லை, அம்மாவின் விரல். ஆளுக்கு ஆள் கால் நீளம் மாறும் என்பதால் நோயாளியின் விரல்தான் அளவுகோல். கையிலோ தலை உச்சியிலோ ஒன்றிரண்டு ஊசி போட்டாலும் ஆச்சரியப்பட வேண்டாம். அப்படியே இருபதிலிருந்து முப்பது நிமிடம் படுக்க வைப்பார்கள். பலர் தூங்கிவிடுவார்கள், குறட்டையும் உண்டு.

சில இடங்களில் ஊசியின் மேல் கிளிப் மாட்டி லேசான கரண்ட் கொடுப்பார்கள், தசை துடிக்கும். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு அது கூடாது. மாசிபத்திரி இனச் செடியின் இலையைச் சுருட்டி எரித்துச் சூடு காட்டுவார்கள், அதுதான் மோக்சா. அல்லது சிவப்பு விளக்கு வைப்பார்கள். அம்மா விஷயத்தில் நான் கவலைப்படுவது இந்தச் சூட்டைப் பற்றித்தான். 10 வருடச் சர்க்கரையில் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சுட்டால் தெரியாது, கொப்புளம் வந்தபின்தான் தெரியும், அது ஆறவும் நாளாகும். ‘காலில் சூடு வேண்டாம்’ என்று நீங்களே சொல்லிவிடுங்கள். செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறாரா என்று வீட்டில் ஒருமுறை கவனியுங்கள், தெரியவில்லை என்றால் அதையும் சொல்ல வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போல ரத்தத்தை இளக்கும் மாத்திரை இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்காக ஊசி போடக் கூடாது என்பதில்லை, ஆழத்தையும் இடத்தையும் பார்த்துப் போட வேண்டும்.

ஊசி ஒவ்வொன்றும் உங்கள் கண் முன்னால் உறையைக் கிழித்து எடுத்ததாக இருக்க வேண்டும், பயன்படுத்தியது மூடியுள்ள தனி டப்பாவுக்குள் போக வேண்டும். ‘அம்மாவின் ஊசியைத் தனியாக எடுத்து வைக்கிறோம், அடுத்த முறை அதையே போடலாம்’ என்றால் வேண்டாம். ஊசியை மறுபடி பயன்படுத்தி ஹெபடைடிஸ் பி பரவிய வரலாறு இந்தத் தொழிலில் இருக்கிறது.

ஆபத்து எவ்வளவு என்றால், ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். நூற்றில் எட்டு ஒன்பது பேருக்கு ஏதாவது ஒரு சின்ன விளைவு: பெரும்பாலும் ரத்தப் பொட்டு, கன்றிப்போவது, கொஞ்சம் வலி. நுரையீரலில் ஊசி பட்டுக் காற்று கசிந்தது இரண்டே பேருக்கு. அது நெஞ்சிலும் தோளிலும் முதுகிலும் போடும் ஊசியில் வருவது, முழங்காலில் வராது. மயக்கம்தான் நடைமுறையில் நான் அதிகம் பார்த்தது. முதல் சிட்டிங், பயம், வெறும் வயிறு மூன்றும் சேர்ந்தால் ஆள் சாய்ந்துவிடுவார். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்தே ஊசி போட்டேன். விரதம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நெற்றியில் வியர்வை துளிர்த்ததைப் பார்த்து ஊசியை எடுப்பதற்குள் என் தோளில் விழுந்துவிட்டார். இரண்டு நிமிடத்தில் கண் விழித்து ‘என்ன தம்பி ஆச்சு’ என்று கேட்டார். அன்றிலிருந்து புதியவர்களைப் படுக்க வைத்துத்தான் போடுகிறேன். முடிந்ததும் அம்மா ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழட்டும். அன்று மாலை அசதியாக இருக்கலாம், ஒரு நாள் வலி கூடவும் செய்யலாம். இரண்டு நாளுக்கு மேல் கூடிக்கொண்டே போனாலோ காய்ச்சல் வந்தாலோ, ‘கழிவு போகுது’ என்ற சமாதானத்தை ஏற்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பலன் கிடைக்குமா? தேய்ந்த குருத்தெலும்பு வளராது, இது உறுதி. வலி குறையலாம், எவ்வளவு என்பதில்தான் வழக்கு. ஜெர்மனியில் முழங்கால் தேய்மானம் உள்ள ஆயிரம் பேர் சொச்சத்தை மூன்றாகப் பிரித்து ஒரு பெரிய ஆய்வு செய்து 2006-ல் வெளியிட்டார்கள். முதல் கூட்டத்துக்கு முறையான அக்குபஞ்சர். இரண்டாவதுக்குப் பொய் ஊசி, அதாவது புள்ளி இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்துவது. மூன்றாவதுக்கு டாக்டரும் வலி மாத்திரையும். ஆறு மாதம் கழித்து நன்றாகத் தேறியவர்கள் முறையே 53, 51, 29 சதவீதம். இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஊசி போட்டவர்கள் மாத்திரைக் கூட்டத்தைவிட நன்றாகத் தேறினார்கள் என்று என்னைப் போன்றவர்கள் சொல்வோம். எங்கே குத்தினாலும் ஒன்றுதானே, அப்புறம் உங்கள் புள்ளி எதற்கு என்று எதிர்த்தரப்பு கேட்கும். அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 2018-ல், முழங்கால் உட்படப் பலவகை நாள்பட்ட வலிகளைப் பற்றிய 39 ஆய்வுகள், 20,000-க்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரத்தை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது மெய் ஊசி பொய் ஊசியைவிடக் கொஞ்சம் மேல் என்று வந்தது, வித்தியாசம் சிறியதுதான். பலன் ஒரு வருடம் கழித்தும் பெரிதாகக் குறையவில்லை. நிபுணர்களே ஒத்துப்போகவில்லை: அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்களின் 2019 வழிகாட்டி முழங்கால் தேய்மானத்துக்கு அக்குபஞ்சரை நிபந்தனையோடு ஏற்கிறது, பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை எழுதும் நைஸ் அமைப்பு 2022-ல் வேண்டாம் என்று எழுதிவிட்டது. இருவரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொள்வது உடற்பயிற்சியையும் எடைக் குறைப்பையும்தான். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும்வரை பிடித்து இறக்குவது, ஒரு காலுக்குப் பத்து முறை, தினம் இருவேளை. இதைச் செய்யாமல் ஊசி மட்டும் போட்டுக்கொள்பவர்கள் திரும்பத் திரும்ப என்னிடம் வருகிறார்கள். வியாபாரத்துக்கு நல்லது, முழங்காலுக்கு இல்லை.

எத்தனை சிட்டிங் என்றால், நான் வாரம் இரண்டு வீதம் ஆறு போட்டுவிட்டு நிறுத்திக் கணக்குப் பார்ப்பேன். கொஞ்சமாவது இறங்கியிருந்தால் பத்துவரை போவேன். ஆறில் ஒன்றும் தெரியவில்லை என்றால் பதினாறிலும் பெரும்பாலும் தெரியாது. இருபது சிட்டிங்குக்கு முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தக் கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ‘எப்படிம்மா இருக்கு’ என்று கேட்டால், அலைந்து கூட்டிப் போன பிள்ளை மனசு கஷ்டப்படக் கூடாது என்று ‘பரவாயில்லப்பா’ என்பார். கேட்காதீர்கள், பாருங்கள். தரையிலிருந்து எழும்போது சுவரைப் பிடிக்கிறாரா, மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து இறங்குகிறாரா, வாரத்தில் எத்தனை வலி மாத்திரை, இரவில் எத்தனை முறை வலியால் விழிக்கிறார். முதல் சிட்டிங்குக்கு முந்தின நாள் தினசரிக் காலண்டர் தாளில் எழுதிவையுங்கள், ஆறாவது சிட்டிங் முடிந்த வாரம் மறுபடி எழுதுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் சொல்லியும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

கிளம்பும்முன் ஒரு வேலை. எத்தனை ஊசி போட்டார்கள் என்று நீங்களும் எண்ணிக்கொள்ளுங்கள், எடுக்கும்போதும் எண்ணுங்கள். ஒரு பாட்டியின் உச்சந்தலையில் போட்டதை நான் ஒருமுறை மறந்துவிட்டேன். பேருந்து நிலையம்வரை போய், கொண்டையைச் சரிசெய்யக் கைவைத்தபோது கம்பிபோல் ஏதோ தட்டியிருக்கிறது. அதே ஊசியோடு ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்து, ‘இதுக்குத் தனியா காசு கேட்பியா’ என்றார். ஆட்டோ காசை நான்தான் கொடுத்தேன்.